ஸ்கேனை நம்பி

காலையில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரின் பெஞ்சில் தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயிறு முட்ட இருந்தால்தான் படம் தெரியும் என்று ஆபீசில் ஒரு அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். டோக்கன் 14. ஒன்பதரைக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்த ஆயாம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "டிவிஎஸ்ஸா? போய் யூரின் போயிட்டு வாம்மா. காலியா இருக்கணும்" என்றார். ஒன்றரை மணி நேரத் தவம் அதோடு போயிற்று.

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்குத்தான் மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டுமாம். நிறைந்த பை குடலை ஒதுக்கி, ஒலி அலைக்கு வழிவிடும். சினைப்பையை மில்லிமீட்டர் கணக்கில் அளக்க அது போதாது. பிறப்புறுப்பு வழியாகக் குச்சிபோன்ற ஒரு கருவியை உள்ளே விட்டுப் பார்ப்பதுதான் துல்லியம். அதற்குப் பெயர் டிவிஎஸ். சாயங்காலம் வீட்டுக்காரரிடம், "இன்னைக்கு டிவிஎஸ் எடுத்தாங்க" என்றேன். "எக்ஸ்எல்லா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். அந்தக் குச்சியின் மேல் ஆணுறை மாட்டி, ஜெல் தடவுவார்கள் என்று சொன்னபோது அவரும் சிரித்தார். குழந்தைக்காகப் போன இடத்தில் முதலில் பிரித்தது ஆணுறைப் பாக்கெட்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று வருஷம். எனக்கு 31 வயது. கொருக்குப்பேட்டையில் அத்தை, மாமா, நாங்கள் என்று இரண்டு அறை வீடு. எனக்கு லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. அவர் மணலி பக்கம் ஒரு ஃபேக்டரியில் பாய்லர் ஆபரேட்டர், ஷிப்ட் டூட்டி. "விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்காத உறவினர் யாரும் மிச்சம் இல்லை. ஊர்ப்பக்கம் கர்ப்பமாக இருப்பவளை 'முழுகாமல் இருக்கிறாள்' என்பார்கள். மாதாமாதம் தலைக்குக் குளிப்பதை வைத்து ஊரே கணக்கு எழுதியிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டிலும் அந்தக் கணக்கு நடந்தது. நான் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டால் அத்தை அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார். அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்ல மாட்டார்.

பெஞ்சில் நாங்கள் இதை முட்டை ஸ்கேன் என்போம். டாக்டர் சீட்டில் ஃபாலிக்குலர் ஸ்டடி என்று இருக்கும். பீரியட்ஸ் தொடங்கும் நாள் டே 1. டே 2 அல்லது 3-ல் ஒரு ஸ்கேன்: போன மாதத்துக் கட்டி ஏதாவது மிச்சமிருக்கிறதா, இரண்டு சினைப்பையிலும் சின்னப் பைகள் எத்தனை என்று பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் டே 9 வாக்கில் ஆரம்பித்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை. அந்தப் பைகளில் ஒன்று மற்றவற்றை முந்திக்கொள்ளும். 10 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் அந்த மாதம் அதனுடையது. நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் ஏறி, 18-க்கும் 24-க்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் வெடிக்கும். கூடவே கர்ப்பப்பையின் உள்படலத்தையும் அளப்பார்கள். அது மூன்று கோடு போட்டதுபோலத் தெரிந்து, 7, 8 மில்லிமீட்டரைத் தொட்டிருந்தால், "லைனிங் நல்லாருக்கு" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் அன்றைய பொழுது ஓடும்.

அளப்பதை முட்டை என்று சொல்கிறோமே தவிர, ஸ்கேனில் தெரிவது முட்டை இல்லை. முட்டை இருக்கும் நீர்ப்பைதான் தெரியும். திராட்சை அளவு பைக்குள் முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு; எந்த ஸ்கேனிலும் அகப்படாது. இந்தக் குழப்பம் நம் பெஞ்சில் தொடங்கியதும் இல்லை. 1672-ல் ரெய்னியர் டி கிராஃப் என்ற டச்சு டாக்டர் இந்தப் பைகளை விவரித்து எழுதியபோது, பையையே முட்டை என்றுதான் நினைத்தார். உள்ளே இருக்கும் நிஜ முட்டையை 1827-ல் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர்தான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நடுவில் 155 வருஷம். அதனால் பெஞ்சில் இருக்கும் யாரையும் நான் திருத்தப் போவதில்லை.

அந்த பெஞ்சைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். காசிமேட்டிலிருந்து ஒரு பெண் வருவாள், வியாசர்பாடியிலிருந்து ஒரு டீச்சர், திருவொற்றியூரிலிருந்து மாமியாரோடு வரும் ஒரு சின்னப் பெண். பெயர் தெரியாது, சைஸ் தெரியும். எம்.சி. ரோட்டில் ஜாக்கெட் சைஸ் கேட்பதுபோல, "உங்களுக்கு எவ்ளோக்கா?" "பதினாறு. லெஃப்ட்ல." "எனக்கு ரைட்ல பதினெட்டரை. நாளைக்கு ஊசி." கையில் ஆளுக்கொரு அட்டை. அதில் தேதி, ஆர்.ஓ., எல்.ஓ., ஈ.டி. என்று கட்டங்கள்: வலது சினைப்பை, இடது சினைப்பை, படலத்தின் தடிமன். எதிரே சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது, கேட்பதும் சொல்வதும் குற்றம் என்ற பலகை. 1994-ஆம் வருஷச் சட்டப்படி எல்லா ஸ்கேன் சென்டரிலும் இருப்பதுதான். மாதக்கணக்கில் அதைப் படித்துக்கொண்டே இருந்தோம். எங்களில் யாருக்கும் அந்தக் கேள்வியே இல்லை.

ஒருநாள் லீவு போட்டுவிட்டு அவரும் வந்தார். உள்ளே விடவில்லை, வெளியே மற்றவர்களின் கணவர்களோடு பைக்கில் சாய்ந்து நின்றார். நான் கொண்டுவந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம பாய்லர் ட்யூப்ல வெல்டிங் செக் பண்ண யூடி பண்ணுவாங்களே, அதே மாதிரி கீதே" என்றார். "அங்கயும் மேல வழவழன்னு எதுனா தடவித்தான் மிஷினை வெப்பாங்க."

யூடி என்றால் அல்ட்ராசவுண்ட் டெஸ்டாம். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு ஒரு ராத்திரி தூக்கம் வராமல் தேடிப் படித்தபோதுதான் அவர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது. 1955-ல் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு டாக்டர், ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூ என்ற ஊரிலிருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கம்பெனிக்குப் போயிருக்கிறார். அது பாய்லர் செய்கிற கம்பெனி. இரும்பில் விரிசல் பார்க்க அவர்கள் வைத்திருந்த அல்ட்ராசவுண்ட் கருவியில் கட்டியையும், ஒப்பிட ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் வைத்துப் பார்த்தார்கள். நீர்க்கட்டிக்கும் கெட்டிக் கட்டிக்கும் எதிரொலி வேறு வேறாக வந்தது. 1958-ல் அவர் லான்செட் பத்திரிகையில் எழுதிய கட்டுரையிலிருந்துதான் வயிற்று ஸ்கேன் எல்லாம் கிளம்பின. ஆக, நான் மாதம் நாலைந்து தடவை படுத்து எழுந்த மிஷினுக்கு, என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் பாய்லர்தான் தாய்வீடு.

சரி, ஸ்கேன் சொல்லிவிட்டது. அப்புறம் நடக்க வேண்டியது வீட்டில். டாக்டர்கள் அதற்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள்: காண்டாக்ட். "இன்னைக்கு நைட்டு ட்ரிகர் ஊசி. நாளைக்கும் நாளான்னைக்கும் காண்டாக்ட் வெச்சுக்கோங்க." அந்த ஊசி போட்டு ஏறத்தாழ 36 மணி நேரத்திலிருந்து பை வெடிக்கத் தொடங்கும். வெளியே வரும் முட்டைக்கு ஆயுள் 12-லிருந்து 24 மணி நேரம். ஆனால் விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும். அதனால் முட்டை வருவதற்கு முன்பே அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 1995-ல் ஆலன் வில்காக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 221 பெண்களை வைத்து வெளியிட்ட ஆய்வில், முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் கரு தரித்த நாள்கள். மறுநாள் சேர்ந்து பலனே இல்லை. நாங்கள் முதல் இரண்டு மாதம், 'வெடித்துவிட்டது' என்று ஸ்கேனில் உறுதியான பிறகுதான் நல்ல நேரம் ஆரம்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. டே 16 ஸ்கேனில் பை சுருங்கி, கர்ப்பப்பைக்குப் பின்னால் கொஞ்சம் நீர் தெரிந்தது என்றால் ரயில் போய்விட்டது என்று அர்த்தம். அது வந்து போனதா என்று பார்க்கத்தான் அந்த ஸ்கேன்.

இந்த நாள் கணக்கு நம் ஊருக்குப் புதிதில்லை. தொல்காப்பியத்தின் கற்பியலில், பரத்தையிடம் பிரிந்து போன கணவன்கூட மனைவிக்குப் பூப்பு வந்ததற்குப் பின்னான 'ஈராறு நாள்' அவளை விட்டு விலகி இருக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் மேலே சொன்ன ஆறு நாளும் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். பள்ளியில் அந்த அதிகாரத்தை நடத்திய தமிழம்மா இதைச் சொல்லாமல் தாண்டிப் போனது ஏன் என்று இப்போது புரிகிறது. எனக்கு அதில் பிடித்தது வேறு. அந்த விதி அவளைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. நீ வீட்டில் இரு என்று அவனிடம்தான் சொல்கிறது.

என் வீட்டுக்காரரை வீட்டில் இருக்க விடாதது ஷிப்ட். ஆறு-இரண்டு, இரண்டு-பத்து, பத்து-ஆறு. என் 18 மில்லிமீட்டர் அவருடைய நைட் ஷிப்டில்தான் வந்து நிற்கும். விடிகாலை வேலை முடிந்து, கண்ணெல்லாம் சிவந்து, சட்டையில் எண்ணெய் வாடையோடு வருவார். வழியில் ரயில்வே கேட் வேறு. கூட்ஸ் வண்டி நின்று நின்று போனால் கால் மணி, அரை மணி. அவர் வருவதற்குள் அத்தை எழுந்து கோலம் போட்டிருப்பார், மாமா பேப்பரை விரித்திருப்பார். அந்த நேரத்தில் உள்ளறைக் கதவைச் சாத்த எந்த மருமகளுக்குத் துணிச்சல் வரும்? ஒரு மாதம் ட்ரிகர் ஊசி போட்ட மறுநாள் சின்ன மாமனார் குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கினார். கூடத்தில் பாய் விரித்து ஏழு பேர். அந்த மாதத்து ஊசிக் காசு அப்படியே போயிற்று.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. இடம், நேரம் எல்லாம் கிடைத்த நாளிலும் அவரால் முடியவில்லை. "தேதி போட்டு வேலை வாங்கற மாதிரி இருக்குது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. காலெல்லாம் விரித்துப் படுப்பது நான், ஊசி எனக்கு, ஆபீசில் பெர்மிஷன் கேட்டு மேனேஜர் முகத்தைப் பார்ப்பது நான், உனக்கு இது ஒன்று செய்ய முடியாதா என்று கேட்டுவிட்டேன். அன்று கேட்டதற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

ஏழு மாதம் இப்படிப் போயிற்று. ஸ்கேன் ஒன்றுக்கு 500 ரூபாய். நடுவில் லெட்ரோசோல் மாத்திரை கொடுத்தார்கள். அதைத் தேடிப் பார்த்தால் மார்பகப் புற்றுநோய்க்கு என்று வருகிறது. ஒரு ராத்திரி முழுக்க அழுதேன். ஒரு ஹார்மோனை அது கொஞ்ச நாள் அடக்கி வைக்க, மூளை பதறிப்போய் சினைப்பையை வேலை வாங்குகிறது, அவ்வளவுதான். குழந்தையின்மைக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று நம் நாட்டில் 2011-ல் தடை போட்டு, 2017-ல் நீக்கினார்கள். மாத்திரை கொடுத்த டாக்டர் இதை இரண்டு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். இன்னொரு மாதம் பை வெடிக்கவே இல்லை. 32 மில்லிமீட்டர் வரை வளர்ந்து கட்டியாக நின்று, அடுத்த பீரியட்ஸில் தானாகக் கரைந்தது. மற்ற எல்லா மாதமும் என் அட்டை சுத்தமாக இருந்தது. 18, 19, 20. வெடித்தது. லைனிங் 9. "உங்களுக்கு எல்லாம் நார்மல்மா. டென்ஷன் ஆகாம இருங்க" என்றார் அந்த டாக்டர். டென்ஷன் ஆகாமல் இருக்க எந்த மாதிரி ஊசி என்று கேட்க நினைத்தேன்.

எட்டாவது மாதம், ஆபீஸ் அக்கா சொன்ன வேறொரு டாக்டரிடம் போனோம். வயதானவர். என் ஃபைலை எடுத்து, 30 சொச்சம் ஸ்கேன் பேப்பரையும் ஒன்றுவிடாமல் புரட்டினார். பின்னட்டை வரை போய்விட்டு நிமிர்ந்து, "அவரோட ரிப்போர்ட் எங்கம்மா?" என்றார்.

நான் ஃபைலை வாங்கித் தேடினேன். இல்லாத ஒன்றை எங்கேயோ வைத்துவிட்டதுபோல, முதல் பக்கத்திலிருந்து தேடினேன்.

"ஒரு தடவைகூட எடுக்கலையா?" அவர் குரல் உயரவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்க தம்பி? யாரும் கேக்கலையா?" என்றார். இவர் தலையை ஆட்டினார்.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் என்று ஒரு பழமொழி. அரசன் என்பது ராஜா இல்லை, அரசமரம் என்பார் எங்கள் ஆயா. பிள்ளை வேண்டி மரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தவள் வீட்டில் இருப்பவனைக் கவனிக்கவில்லையாம். நான் சுற்றியது மெஷினை. ஆனால் பழமொழியிலும்கூடப் பழி அவள் தலையில்தான் விழுகிறது, கவனித்தீர்களா? மரத்தைச் சுற்று என்று அனுப்பியது யார் என்று கேட்க ஆளில்லை.

குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கிற முதல் டெஸ்ட் விந்துப் பரிசோதனை. அதற்கு ஊசி இல்லை, குச்சி இல்லை, ஒரு டப்பா போதும். எங்களுக்கு ஆன செலவு இரண்டு ஸ்கேன் காசுக்குக் குறைவு. இரண்டிலிருந்து ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டு எடுக்க வேண்டும். லேபில் கொடுத்த அறை கழிவறையோடு ஒட்டியது, தாழ்ப்பாள் சரியில்லை. அதனால் வீட்டிலேயே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டார். உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்று டப்பாவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பைக்கை எடுத்தார். கேட் சாத்தியிருந்தது. எனக்குப் போன் செய்தார். "முப்பத்தெட்டு நிமிஷம் ஆச்சு. கூட்ஸ் வண்டி நிக்குது." எட்டு மாதமாக என் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்த நான், அன்றைக்குத்தான் அவர் நிமிஷம் எண்ணிக் கேட்கிறேன். பைக்கை அங்கேயே ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு, கேட் திறந்ததும் எதிர்ப்பக்கம் ஒரு ஆட்டோவைப் பிடித்துப் போய் 55-வது நிமிஷத்தில் கொடுத்திருக்கிறார்.

விந்தணு மில்லிலிட்டருக்கு 9 மில்லியன் என்று வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டில் கீழ் வரம்பு 16 மில்லியன். நகர்வதும் குறைவு. ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது, காய்ச்சல் வந்து போனால்கூட இரண்டு மூன்று மாதம் குறைந்திருக்கும் என்று சொல்லி, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி எடுக்கச் சொன்னார் டாக்டர். இரண்டாவது 8.

அப்புறம் அவருக்கு ஸ்கேன். ஆமாம், அதே ஜெல், அதே மாதிரி மிஷின். இந்தத் தடவை வெளியே நின்றது நான். இடது விரைப்பையில் வெரிகோசீல். காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளுமே, அதே சங்கதிதான். இடது பக்கத்து ரத்தக்குழாய் நேராகப் பெரிய குழாயில் சேராமல் சிறுநீரக ரத்தக்குழாயில் போய்ச் செங்குத்தாக முட்டுவதால், ரத்தம் அங்கேதான் அதிகம் தேங்குமாம். பொதுவாக ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இருக்கும். பலருக்குத் தொந்தரவே தராது. தேங்கும் ரத்தத்தின் சூடு விந்தணுவுக்கு ஆகாது. "என்ன வேலை?" என்று கேட்ட டாக்டர், பாய்லர் என்றதும் பேனாவை வைத்துவிட்டார். அந்தச் சூடும் சேர்ந்தே வேலை செய்திருக்கும் என்றார்.

திரும்பி வரும்போது இவர், "பாய்லருக்கு வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர் வராரு" என்று மட்டும் சொன்னார்.

அத்தையிடம் சொன்னது நானில்லை, அவரே. "எம்புள்ளைக்கு இன்னா கொறை" என்று நாலு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் நான் தலைக்குக் குளித்தேன். பாத்திரச் சத்தம் வரவில்லை. வெளியே வந்தால் சாம்பிராணி போட்டு வைத்திருந்தார்.

அவருக்கு ஆபரேஷன் ஆனது. விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆகும். அதனால் பலன் தெரிய மூன்று மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று மாதமும் நான் ஒரு ஸ்கேனுக்கும் போகவில்லை. எட்டரை மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்து நேராக ஆபீஸ் போவது எப்படி இருக்கும் என்று மறந்தே போயிருந்தேன். அவர் கெஞ்சி, பாய்லரிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றல் வாங்கினார். சம்பளத்தில் அலவன்ஸ் போயிற்று. கவுண்ட் 19-க்கு ஏறியது. நகர்வது இன்னும் கொஞ்சம் மந்தம்தான் என்பதால் ஐயுஐ, அதாவது விந்தணுவை நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது, செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர். முதல் தடவை நிற்கவில்லை.

இப்போது இரண்டாவது தடவைக்காக மறுபடி முட்டை ஸ்கேன். ஐயுஐக்கு இது வேண்டியிருக்கிறது. ஊசி போட்ட மணியிலிருந்து கணக்குப் பண்ணித்தான் செய்வார்கள். ஸ்கேன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பீரியட்ஸ் தாறுமாறாக வருகிறவர்களுக்கு, நீர்க்கட்டிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, பை எத்தனை வளர்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். என்னைப்போல 28 நாளுக்கு ஒருமுறை கடிகாரம் மாதிரி வருகிறவர்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒருதரம் சேர்ந்து இருந்தாலே அந்த ஆறு நாளுக்குள் எப்படியும் விழும் என்றார் புது டாக்டர். ஒன்றிரண்டு மாதம் பார்த்து, வெடிக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதற்கு மேல் அளப்பது எதற்கு? எனக்கு விடை கிடைக்கவில்லை.

நேற்று டே 11. அவர் ஸ்டோர்ஸில் பெர்மிஷன் போட்டு வந்திருந்தார். வெளியே பைக்கில் சாயாமல், பெஞ்சில் எங்கள் நடுவில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் திருவொற்றியூர்ப் பெண்ணின் மாமியார் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டி, "பாப்பாவுக்கு இன்னாப்பா பிரச்சினை, நீர்க்கட்டியா?" என்று கேட்டார்.

"அதுக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார் இவர். "ட்ரீட்மென்ட் எனக்கு."

பெஞ்சில் ஒரு நிமிஷம் பேச்சில்லை. அப்புறம் அந்தச் சின்னப் பெண் மாமியார் பக்கம் திரும்பாமல், ஃபைலைக் காட்டி மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, அந்த டெஸ்ட்டு எங்க எடுத்தீங்க?"